என்ன ஆயிற்று என்று அவரையே கேட்டால்

பல்லடம் பக்கத்தில் ஒரு தறிக்காரர் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வீட்டை ஒட்டிய ஷெட்டில் எட்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. இருபத்திரண்டு வயது மகன் மூன்று மாதமாகத் தறிப்பக்கமே போவதில்லை. இரவில் தூங்குவதில்லை, குளிப்பதில்லை, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சில நேரம் யாருக்கோ பதில் சொல்வதுபோல் உதடு அசைகிறது.

பையனுக்கு என்ன ஆயிற்று என்று அந்த வீட்டில் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துக் கேட்டால் பதில்கள் ஒத்துப்போகா. குலதெய்வத்துக்கு மூன்று வருடமாகப் பொங்கல் வைக்கவில்லை, அந்தக் குற்றம்தான் என்பார் ஆத்தா. பங்காளி வீட்டில் எவரோ செய்வினை வைத்துவிட்டார்கள், தோட்டத்தைப் பாகம் பிரித்ததிலிருந்தே இவன் இப்படித்தான் என்பார் அம்மா. அப்பாவுக்குச் சந்தேகமே கிடையாது: விடிய விடியச் செல்போன் பார்த்துத் தூக்கம் கெட்டுவிட்டது. ஒரு கால்கட்டைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார் தாய்மாமன். பையனிடமும் ஒரு பதில் இருக்கிறது. அதைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தறி ஓடும்போது அந்தச் சத்தத்துக்குள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்கிறான். முதலில் தறி நின்றதும் பேச்சும் நின்றதாம். இப்போது தறி நின்றாலும் பேச்சு நிற்பதில்லை. ஷெட்டுக்குப் போகாததற்கு அதுதான் காரணம். சோம்பேறித்தனம் என்று அப்பா திட்டிக்கொண்டிருக்கிறார்.

கோயம்புத்தூரில் ஒரு மனநல மருத்துவர் இவனைப் பார்த்தால் ஆறாவதாக ஒரு பதிலை எழுதுவார். மனச்சிதைவின் (ஸ்கிசோஃப்ரினியா) தொடக்கமாக இருக்கலாம் என்பார், மாத்திரை கொடுப்பார். நோயையும் சிகிச்சையையும் பண்பாட்டோடு சேர்த்து ஆராயும் மருத்துவ மானிடவியலில் இந்த ஆறுக்கும் ஒரே பெயர்தான்: விளக்க மாதிரி. ஒரு நோய் எதனால் வந்தது, ஏன் இப்போது வந்தது, உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது, எவ்வளவு காலம் இருக்கும், எதைச் செய்தால் தீரும் என்ற ஐந்து கேள்விகளுக்கு ஒருவர் மனதில் வைத்திருக்கும் பதில்களின் தொகுப்பு என்று அதை எளிதாகச் சொல்லலாம். பதில்கள் முழுமையாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டியதும் இல்லை.

இந்தக் கருத்துக்கு வடிவம் கொடுத்தவர் ஆர்தர் கிளைன்மன். ஹார்வர்டில் பணியாற்றிய அமெரிக்க மனநல மருத்துவர், மானிடவியலாளரும்கூட. தைவானில் கோயில் சாமியாடிகளையும் சீன நாட்டு வைத்தியர்களையும் நவீன மருத்துவர்களையும் அருகிருந்து பார்த்தவர். 1978இல் இரண்டு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: மருத்துவர் கண்டுபிடிப்பது ஒன்று, நோயாளி வாழ்ந்து அனுபவிப்பது வேறொன்று, இரண்டாவதைக் கேட்காமல் முதலாவதை மட்டும் சரிசெய்யப் பார்த்தால் சிகிச்சை பாதியிலேயே நின்றுபோகும். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, மருத்துவர்கள் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதிக் கொடுத்தார். அவற்றில் சிலவற்றைப் பின்னால் பார்ப்போம்.

அவருடைய ஆய்வுகளில் நம் ஊருக்கு மிக நெருக்கமாகப்படுவது சீனாவின் ஹூனான் மாகாணத்தில் நடந்தது. 1980களின் தொடக்கம். நரம்பு பலவீனம் என்று பெயர் சூட்டப்பட்ட 100 நோயாளிகளை அவர் பரிசோதித்தார். தலைவலி, தலைச்சுற்றல், தூக்கமின்மை, உடல் சோர்வு என்று வந்தவர்கள். அமெரிக்க அளவுகோலை வைத்துப் பார்த்தபோது அவர்களில் 87 பேருக்குக் கடுமையான மனச்சோர்வு இருந்தது. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தலை வலித்தது உண்மை. ஆனால் மாவோ காலத்துப் பண்பாட்டுப் புரட்சியின் ஆண்டுகளைக் கடந்து வந்தவர்களுக்கு, மனம் உடைந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்வது ஆபத்தாகவும் அவமானமாகவும் இருந்தது. நரம்பு பலவீனம் என்றால் விடுப்புக் கிடைக்கும், வேலை மாற்றம் கேட்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மனச்சோர்வுக்கான மருந்தில் பலருக்கு அறிகுறிகள் குறைந்தன. ஆனாலும் அலுவலகச் சிக்கலும் குடும்பச் சிக்கலும் தீராதவர்கள் நோயாளிகளாகவே தொடர்ந்தார்கள்.

இதைப் படிக்கும் ஈரோட்டுக்காரருக்கோ நாமக்கல்காரருக்கோ சீனா ஒன்றும் தூரமாகத் தெரியாது. நம் பக்கம் மனநல மருத்துவரை இன்றும் பல வீடுகளில் நரம்பு டாக்டர் என்றுதான் சொல்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டால், "நரம்புக்குக் கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டாள்" என்று சொல்லிவிடலாம். மாப்பிள்ளை வீட்டார் அதோடு விட்டுவிடுவார்கள். மனநோய் என்று சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், அவளுடைய தங்கைக்கும் சேர்த்து. இதை அறியாமை என்று எப்படிச் சொல்வது? அந்தக் குடும்பம் நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் பேசுகிறது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தில் ரகுராமும் மிட்செல் வைஸ் உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 80 மனச்சோர்வு நோயாளிகளிடம் பேசி 1996இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. மனதின் துயரத்தைச் சொன்னவர்கள் அதிக அவமானத்தை உணர்ந்தார்கள். உடம்பு வலியாகச் சொன்னவர்கள் குறைவாக உணர்ந்தார்கள். உடம்பு வலி யாருக்கும் வரும், அல்லவா?

நரம்பு என்ற விளக்கத்தை வைத்துக் காசு பார்த்தவர்களும் உண்டு. சேலம், ஈரோடு வட்டாரத்தில் வளர்ந்த எவருக்கும் அந்தச் சுவர் விளம்பரங்களும் பத்திரிகை விளம்பரங்களும் நினைவிருக்கும்: இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் தங்குகிறார், இளமையில் செய்த தவறுகளால் வந்த நரம்புத் தளர்ச்சிக்கு உறுதியான தீர்வு. விந்து வீணாவதால் உடம்பும் மனமும் ஒடிந்துபோகின்றன என்ற அச்சத்தை வட இந்தியாவில் ஒரு தனி நோய்த்தோற்றமாக மருத்துவர் விக் 1960இல் எழுதினார். அந்த லாட்ஜ் அறை வாசலில் காத்திருந்த இளைஞர்கள் பலருக்கு இருந்தது பதற்றமும் மனச்சோர்வும். அவர்களுக்குக் கிடைத்த ஒரே விளக்கம் விளம்பரம் கொடுத்தது. நம் கையில் வேறு விளக்கம் இல்லாதபோது, கிடைத்த விளக்கத்தைத்தான் நோய் உடுத்திக்கொள்ளும்.

கொங்கு நாட்டில் புழங்கும் விளக்கங்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். காத்து கருப்பு அடித்துவிட்டது, உச்சி வெயிலில் புளியமரத்தடியில் போனபோது முனி பிடித்துக்கொண்டது, குலதெய்வக் குற்றம், பங்காளிச் செய்வினை, ஏழரைச் சனி, கண்ணேறு, குழந்தை எதையோ பார்த்துப் பயந்துகொண்டது. இன்னொரு பக்கம் உடம்பு சார்ந்தவை: பித்தம் தலைக்கேறிவிட்டது, வாயு நெஞ்சை அடைக்கிறது, சூடு. மூன்றாவது பக்கம் வாழ்க்கை சார்ந்தவை: கடன், காதல் தோல்வி, குடிகாரக் கணவன், ஆழ்குழாய்க் கிணறு தண்ணீரில்லாமல் போனது. ரோசனை அதிகமாகிவிட்டது என்று பொதுவாகச் சொல்வதும் இந்த மூன்றாவது வகைதான்.

விளக்கம் வெறும் கருத்தாக நின்றுவிடுவதில்லை. பஸ் எந்தத் திசையில் ஏற வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். குலதெய்வக் குற்றம் என்றால் பூ வாக்குக் கேட்டு, பங்காளிகளை அழைத்துப் பொங்கல் வைக்க வேண்டும். பயந்த குழந்தைக்குத் திருநீறு மந்திரித்துப் போட்டு, கயிறு கட்டினால் போதும். அநியாயமாக எவரோ கெடுதல் செய்துவிட்டார் என்று நம்புபவர் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய், நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுவார். வாயு என்றால் பொது மருத்துவர், அங்கிருந்து இசிஜி, அங்கிருந்து எண்டோஸ்கோப்பி. எதிலும் ஒன்றும் இல்லை என்ற ரிப்போர்ட்டோடு அவர் திரும்பி வரும்போது, பதற்ற நோய் அப்படியே இருக்கும். கூடவே கடனும் சேர்ந்திருக்கும். சனி என்றால் காத்திருக்க வேண்டும். இந்தக் கடைசி விளக்கத்தைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். செய்வினை என்று நம்புகிறவர் எங்காவது ஓடுவார், ஓடும் வழியில் ஒரு மருத்துவரையும் பார்த்துவிட வாய்ப்பிருக்கிறது. ஏழரை ஆண்டுக் கணக்கை நம்புகிறவர் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

ஒரே ஆள் இவற்றில் ஒன்றைத்தான் நம்புவார் என்று நினைக்கக் கூடாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையினர் இந்தப் பொருளில் தொடர்ந்து ஆய்வு செய்து வந்திருக்கிறார்கள். நோயாளிகள் ஒன்றுக்கொன்று முரணான பல விளக்கங்களை ஒரே சமயத்தில் வைத்திருப்பதையும் ஒரே சமயத்தில் பல இடங்களுக்குப் போவதையும் அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பையனின் அம்மா செய்வினையையும் நம்புவார், மாத்திரையையும் வேளை தவறாமல் கொடுப்பார், ஜாதகத்தையும் காட்டுவார். இதில் அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. குழம்புவது, ஆமா இல்லையா என்று இரண்டில் ஒன்றைக் கேட்கும் மருத்துவர்தான்.

ஏன் முரண் உறுத்துவதில்லை? இதற்கு மானிடவியலில் ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களோடு 1920களில் தங்கியிருந்த எவன்ஸ்-பிரிட்சர்ட் சொன்னது. தானியக் குதிர் ஒன்று சரிந்து, அதன் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் காயப்படுகிறார்கள். குதிரின் கால்களைக் கரையான் அரித்துவிட்டது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கேட்பது வேறு: இத்தனை நாள் நின்ற குதிர், சரியாக இந்த ஆட்கள் கீழே இருந்த நேரம் பார்த்து ஏன் சரிந்தது? அதற்குக் கரையானிடம் பதில் இல்லை; சூனியத்திடம் இருக்கிறது. நவீன மருத்துவமும் கரையான் வரைக்கும்தான் வரும். "ஊரில் இத்தனை பேர் இருக்க என் மகனுக்கு ஏன்?" என்று ஒரு தாய் கேட்டால், மரபணுவும் சூழலும் என்று மருத்துவர் சொல்வது அவர் கேட்டதற்கான பதில் ஆகாது.

வெளியூர்களைக் கொஞ்சம் சுற்றி வரலாம். கம்போடியாவில் பதற்றத்தை உடம்புக்குள் ஏறும் காற்றாக விளக்குகிறார்கள். கை காலில் ஓட வேண்டிய காற்று மேலே கிளம்பி, நெஞ்சை அழுத்தி, கழுத்து இரத்தக்குழாயை வெடிக்க வைத்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். நாணயத்தால் தோலைத் தேய்த்துக் காற்றை வெளியேற்றுகிறார்கள். நம் வாயுவோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. அதிர்ச்சியால் உயிரின் ஒரு பகுதி உடலைவிட்டுப் போய்விடுகிறது என்பது லத்தீன் அமெரிக்காவின் சுஸ்தோ. பயந்த குழந்தைக்கு மந்திரிக்கும் நம் வழக்கம் அதற்கு ஒன்றுவிட்ட உறவு. ஆனால் இந்தச் சுஸ்தோவில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. மெக்சிகோவில் சுஸ்தோ என்று சொன்னவர்களை ஆய்வாளர்கள் மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். சுஸ்தோக்காரர்களுக்கு உடல் நோய்களும் கூடுதலாக இருந்தன. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது அவர்களில் இறந்தவர்களும் அதிகம். நாட்டுப்புற விளக்கம் ஒன்று நம் காதில் விழும்போது, அதற்குள் இரத்தசோகையோ தைராய்டோ ஒளிந்திருக்கவும் கூடும். மனதுக்குத்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் உடம்பையும் பார்த்துவிட வேண்டும்.

காதில் குரல் கேட்பதைப் பற்றி ஓர் ஆய்வு இருக்கிறது, நம் தறிக்காரப் பையனுக்காகவே செய்ததுபோல. தான்யா லூர்மன் என்ற மானிடவியலாளரும் அவருடைய குழுவினரும் கலிஃபோர்னியாவில் 20 பேர், கானாவின் அக்ராவில் 20 பேர், சென்னையில் 20 பேர் என்று கடுமையான மனநோயோடு குரல் கேட்பவர்களிடம் பேசினார்கள். அமெரிக்கர்கள் பலர் தங்கள் நோயின் பெயரைத் தயங்காமல் சொன்னார்கள். குரல்களை மூளையின் கோளாறாக, தங்கள் மீது பொழியும் வன்முறையாக விவரித்தார்கள். அக்ராவில் பலருக்குக் கடவுளின் குரல் கேட்டது. சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் உறவினர்களின் குரலைக் கேட்டார்கள். திட்டும் குரல்கள் இருந்தன, மோசமான குரல்களும் இருந்தன. ஆனால் வீட்டு வேலையைச் செய், குளி, கடைக்குப் போய் வா என்று ஏவும் குரல்களும் இருந்தன. காதில்கூட மாமியார் ஓயவில்லை என்று யாராவது சிரிக்கலாம். விஷயம் தீவிரமானது: ஒரே வகை நோய், குரலுக்கு மட்டும் அந்தந்த ஊரின் முகம். தனக்குள் கேட்பதை யாருடைய குரலாக ஒருவர் எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்து, அதோடு வாழும் விதமும் மாறக்கூடும் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

விளக்கத்தைச் சிகிச்சைக்கே பயன்படுத்திய ஊரும் உண்டு. ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் மனச்சோர்வை அளவுக்கு மீறி யோசிப்பதால் வரும் துன்பமாகச் சொல்கிறார்கள், நம் ரோசனையைப் போலவே. ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்ஸன் சிபாண்டா, சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மரப்பெஞ்சு போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை உட்காரவைத்தார். வருகிறவர்களிடம் அவர்கள் மனச்சோர்வு என்ற சொல்லை எடுக்கவே இல்லை. எதை யோசித்து யோசித்து மாய்கிறாய், அதில் ஒன்றை முதலில் எடுத்துத் தீர்ப்போம் என்றார்கள். 573 பேரோடு நடந்த சோதனையின் முடிவு 2016இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடப் பெஞ்சில் பேசியவர்களுக்கு அறிகுறிகள் தெளிவாகக் குறைந்திருந்தன.

வேறு பண்பாட்டு நோயாளிகளைப் பார்க்க ஜிம்பாப்வே வரை போக வேண்டியதும் இல்லை. திருப்பூர் பழைய பஸ் நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை பத்து நிமிடம் நின்றால் ஒடியா, இந்தி, வங்காளம், அசாமியா எல்லாம் காதில் விழும். பனியன் கம்பெனி விடுதியில் இருக்கும் ஜார்க்கண்ட் பெண் ஒருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அவள் சொல்வது கப்ராஹட் என்பதாக இருக்கும்: படபடப்பும் கலக்கமும் சேர்ந்த ஒன்று. அவளுடைய ஊரில் இதற்கு ஓஜா என்ற மந்திரவாதியிடம் போவார்கள். சில நேரம் ஊரிலேயே ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று கைகாட்டிவிடுவார்கள். இங்கே ஓஜாவும் இல்லை, அம்மாவும் இல்லை. வார்டன் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார். இந்தி தெரிந்த சூப்பர்வைசர் ஒருவர் மொழிபெயர்க்கிறார். ஐந்து நிமிடம் அவள் சொன்னதை அவர் "நெஞ்சுவலி என்கிறாள், டாக்டர்" என்று முடித்துவிடுகிறார். இரவு ஷிஃப்ட் தொடங்கிய வாரத்திலிருந்துதான் இப்படி, விடுதியில் முன்பு ஒருத்தி இறந்துபோன அறையில்தான் தனக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று அவள் சொன்னது இடையில் எங்கோ உதிர்ந்துவிட்டது. சூப்பர்வைசர் முன்னால் ஷிஃப்டைப் பற்றி அவள் எவ்வளவு சொல்லியிருப்பாள் என்பது தனிக் கேள்வி. கம்பெனிக்காரரை மொழிபெயர்க்க வைப்பதை மருத்துவமனைகள் நிறுத்தினாலே பாதி வழி கடந்த மாதிரி.

இந்த இடத்தில் சிலருக்குக் கோபம் வரும். மூடநம்பிக்கைக்கு இப்படி மரியாதை கொடுத்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் என்பார்கள். எங்கே போய் நின்றது என்று நமக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவுக்குக் குணம் தேடி வரும் மனநோயாளிகளைத் தங்கவைத்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் எரிந்து இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களிடமும் விளக்கங்கள் இருந்தன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலி போடுவதைத் தடை செய்கிறது. அடிப்பது, பட்டினி போடுவது, மிளகாய்ப் புகை காட்டுவது, கட்டிவைப்பது ஆகியவற்றை விளக்கம் என்ற பெயரில் யாரும் நியாயப்படுத்த முடியாது. விளக்கத்தைக் கேட்பது ஒன்று, அதன் பெயரால் செய்யும் கொடுமைக்குத் தலையாட்டுவது வேறு.

ஆனால் ஏர்வாடித் தீயை வைத்து எல்லாக் கோயிலையும் அளப்பதும் சரியாகாது. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ரகுராம் குழுவினரின் இன்னொரு ஆய்வு வந்தது. தமிழ்நாட்டில் முத்துசாமி என்பவருடைய சமாதியைச் சுற்றி எழுந்த ஒரு கோயிலில் தங்கியிருந்த, பெரும்பாலும் கடும் மனநோய் கொண்ட 31 பேரை அவர்கள் கவனித்தார்கள். அங்கே பேயோட்டும் சடங்கு எதுவும் கிடையாது. காலையில் சிறிது நேரம் பூஜை, பிறகு வளாகத்தைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற லேசான வேலைகள். தங்குவதற்குப் பணம் இல்லை. வீட்டார் ஒருவர் கூட இருக்கிறார். சராசரியாக ஆறு வாரத்தில் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது, எனவே சாமி குணப்படுத்தியது என்றோ மருந்து தேவையில்லை என்றோ இதிலிருந்து முடிவுக்கு வர முடியாது. எனக்கு அதில் பெரிதாகப்படுவது அந்த உறவினரின் இருப்பு. எவரும் விரட்டாத ஓர் இடம், திட்டாத ஒரு முகம், கையில் சிறு வேலை. இவற்றை எந்த மருத்துவமனையும் செய்துகொடுக்கலாம்.

மருத்துவர் வைத்திருப்பதும் ஒரு விளக்க மாதிரிதான் என்று முதலிலேயே சொன்னேன். அது சோதனைகளால் திருத்தப்படுகிறது. அதனால் அதற்கு எடை அதிகம். மனச்சிதைவுக்கு மாத்திரை வேலை செய்கிறது, பொங்கல் வைத்தால் குரல் நிற்பதில்லை. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் நோயாளியிடம் சொல்லப்படும் வடிவத்தில் மருத்துவரின் விளக்கமும் கதையாகிவிடுகிறது. மூளையில் ஒரு ரசாயனம் குறைந்துவிட்டது, அதைத்தான் மாத்திரை நிரப்புகிறது என்று கேட்டிருப்பீர்கள். மனச்சோர்வு அவ்வளவு எளிமையானதல்ல என்பதை ஆய்வாளர்கள் இன்று ஒப்புக்கொள்கிறார்கள். இந்தக் கதைக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. மூளைநோய் என்று விளக்கும்போது நோயாளி மேல் பழி குறைகிறது. அதே சமயம், இது தீரவே தீராது, இவர்களிடமிருந்து தள்ளியிருப்பதே நல்லது என்ற எண்ணம் கேட்பவர்களிடம் கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. முனி பிடித்தவனுக்காவது முனி இறங்கிவிடும் என்ற நம்பிக்கை இருந்தது.

சரி, எப்படிக் கேட்பது? கிளைன்மனின் கேள்விகளை நம் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். உங்களுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? எப்போது தொடங்கியது, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? இது உங்களை என்ன செய்கிறது? எதைச் செய்தால் சரியாகும் என்று படுகிறது? இதில் எதற்கு நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள்? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, இதே வழியில் 16 கேள்விகள் கொண்ட ஒரு நேர்காணலைச் சேர்த்தது. இந்த நோயை உங்கள் வீட்டாரிடமோ நண்பர்களிடமோ எப்படிச் சொல்வீர்கள் என்பது அதில் ஒன்று. நம் ஊருக்கென்றே செய்த கேள்வி. டாக்டரிடம் சொல்லத் தயங்குவதை, மச்சானிடம் சொல்வதுபோலச் சொல்லச் சொன்னால் வந்துவிடும்.

கேட்கும்போது சிரிக்கக் கூடாது, உடனே திருத்தவும் கூடாது. தறிக்காரப் பையனிடம், அங்கே யாரும் பேசவில்லை என்று அடித்துச் சொன்னால் அவன் வாயை மூடிக்கொள்வான். ஆமாம், நானும் கேட்டேன் என்று பொய் சொல்லவும் கூடாது. எனக்குக் கேட்கவில்லை, உனக்குக் கேட்பது உனக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்று புரிகிறது, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால் அவன் சொல்லக்கூடும். அந்தப் பதில் மிக முக்கியம். அந்தக் குரல்கள் அவனைச் சாகச் சொல்கின்றன என்றாலோ, யாரையாவது தாக்கச் சொல்கின்றன என்றாலோ, அதற்கு மேல் விளக்கங்களை ஆராய்ந்துகொண்டிருக்க நேரமில்லை. தனியாக விடாமல், அன்றைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள மனநல மருத்துவரிடமோ அழைத்துப் போக வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

அம்மாவின் செய்வினையை என்ன செய்வது? அதை உடைக்கத் தேவையில்லை. கோயிலுக்கும் போய் வாருங்கள், மாத்திரையையும் நிறுத்தாதீர்கள் என்று சொல்லும் மருத்துவரிடம் அவர் அடுத்த மாதமும் வருவார். படித்த நீங்களே இதை நம்புகிறீர்களா என்று கேட்கும் மருத்துவரிடம் வரமாட்டார். மாத்திரை அட்டை பாதியோடு பரணில் ஏறிவிடும். தாய்மாமனின் கால்கட்டு யோசனையில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. விஷயம் தெரியாமல் வந்து மாட்டும் ஒரு பெண்ணின் வாழ்க்கை அதில் இருக்கிறது.

நோயாளியின் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவரிடம் போகும்போது, வேறு என்னென்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: கட்டிய கயிறு, நாட்டு மருந்துப் பொடி, வேண்டுதல், விரதம். கயிற்றால் ஒன்றும் கெட்டுவிடாது. விரதத்தால் கெடலாம். இருமுனை மனநோய்க்கு லித்தியம் சாப்பிடும் ஒருவர், நோய் குணமானதற்கு நேர்ந்துகொண்டபடி பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடக்கிறார் என்று வையுங்கள். உப்பில்லாமல் ஒருவேளைச் சாப்பாடு, பங்குனி வெயில், நாள் முழுக்க வியர்வை. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகிவிடும். கை நடுக்கமும் வாந்தியும் தள்ளாட்டமும் வரும்போது, கூட நடப்பவர்கள் அதைக் களைப்பு என்றோ அருள் என்றோ எடுத்துக்கொள்வார்கள். ஒரு மாதத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லியிருந்தால், அவர் இரத்தத்தில் லித்தியத்தின் அளவைப் பார்த்திருப்பார், உப்பில்லா விரதம் மட்டும் வேண்டாம், வழியில் தண்ணீரும் மோரும் உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டே போங்கள் என்றிருப்பார், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று எச்சரித்திருப்பார். வேண்டுதலை விடச் சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அப்படியொருவரிடம் போகிறவர் அடுத்த பங்குனிக்கு எதையும் சொல்லாமல் நடப்பார்.